எட்டிப் பார்ப்பதில்லை என்றொரு ஒப்பந்தம்

மூக்கண்டப்பள்ளியில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ஆரோக்கியநாதனுக்கு வாய்த்த பதவியின் பெயர் தகவல் பாதுகாப்பு அதிகாரி. எலத்தகிரியில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர்களுக்கு இந்தப் பெயர் விளங்கவில்லை. வாட்ச்மேன்களுக்கு மேலதிகாரி என்று எடுத்துக்கொண்டு, அவரவர் பிள்ளைகளுக்குக் கேட்டில் வேலை கேட்டார்கள். அவரும் சில வருடம் விளக்கிப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டார். யோசித்தால் அவர்கள் சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. வேண்டாதது உள்ளே வராமல் பார்ப்பது, உள்ளிருப்பது வெளியே போகாமல் பார்ப்பது. வாட்ச்மேனுக்குக் கையில் ஒரு கம்பு இருக்கிறது, இவருக்கு ஒரு பாஸ்வேர்டு.

டிப்ளமா முடித்து எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஒயரைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் என்ற தகுதியில் அதுவும் அவர் தலையில் விழுந்தது. இதற்கு நடுவே அஞ்சல் வழியில் அரசியல் விஞ்ஞானத்தில் எம்.ஏ. வேறு படித்தார். எதற்கு என்று அவர் மனைவி கிருபாராணிக்கு இன்றுவரை தெரியாது. சம்பளமும் கூடாத, சம்பந்தமும் இல்லாத படிப்பு என்று அவள் சொல்லுவாள். ஆனால் அந்தப் பாடங்களில் ஒன்று அவரைப் பிடித்துக்கொண்டது. ஆள்பவன் இல்லாத காலத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்களாம். பயந்து சலித்துப்போய் எல்லோரும் ஓரிடத்தில் கூடி, அவரவர் சுதந்திரத்தில் ஒரு பிடியை எடுத்துப் பொதுவில் வைத்து, அதைக் காக்க ஓர் ஆளை நியமித்தார்களாம். அந்த ஆள் காவல்காரன்தானே தவிர சொந்தக்காரன் இல்லை. காவலே கைவைத்தால், பொதுவில் வைத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு கூட்டம் சரித்திரத்தில் எங்கும் நடந்ததில்லை என்று, இதைச் சொன்ன அறிஞர்களை விளக்கும் பாடப்புத்தகமே ஒப்புக்கொண்டது. ஆரோக்கியநாதனுக்கு அதை ஒரு தடவையாவது நடத்திப் பார்க்க ஆசை இருந்தது.

சந்தர்ப்பத்தை ஒரு பென் டிரைவ் கொண்டுவந்தது. ஆயுத பூஜைக்குப் பக்திப் பாட்டுப் போடுவதற்காக யாரோ நல்லெண்ணத்தோடு அதை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருக, பாட்டோடு வேறொன்றும் உள்ளே போய்விட்டது. மறுநாள் எல்லாக் கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டு, ஆங்கிலத்தில் மிரட்டல் வாசகம் காட்டின. லாரிகள் கேட்டில் காத்துக் கிடந்தன. பழைய நிலைக்கு வருவதற்குள் ஜெனரல் மேனேஜர் குருமூர்த்தி நெற்றியில் வைத்த விபூதியெல்லாம் வியர்வையில் கரைந்துவிட்டது.

அவர் கண்டுபிடித்த பரிகாரம் எளியது. கேட்டிலேயே எல்லோரிடமும் போனை வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஒரு கேமரா. உத்தரவு வந்த அன்று காலை ஷிப்ட் உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியே நின்றது. உரிமை, சுதந்திரம் என்றெல்லாம் அவர்கள் பேசவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பள்ளிக்கூடத்திலிருந்து யாருக்குப் போன் போடுவார்கள் என்றுதான் கேட்டார்கள். தவிர, கம்பெனியே போனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ரிஜக்ட் ஆன பாகத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினால்தான் சூப்பர்வைசர் அடுத்த வேலைக்கு அனுமதி தருவார். போன் கொண்டுவரக் கூடாது, ஆனால் படம் உடனே வந்தாக வேண்டும் என்ற இரண்டு உத்தரவுகளிலும் ஒரே கையெழுத்து இருந்தது.

அப்போதுதான் ஆரோக்கியநாதன் கேன்டீனில் எல்லோரையும் கூட்டினார். அவர் சொன்னது யானைக் கதை. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் தன் வயலில் மட்டும் பட்டாசு வெடிக்கிறவன் என்ன செய்கிறான்? யானையை அடுத்தவன் ராகிக்கு அனுப்பிவைக்கிறான். அடுத்தவன் வெடித்தால் அது இங்கேயே திரும்பும். எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு, ஒரே பக்கம் வழிவிட்டு, யாரும் தனியாகக் கெட்டிக்காரத்தனம் பண்ணாமல் இருந்தால் யானை காட்டுக்குப் போகும். கம்ப்யூட்டரில் வருகிற யானைக்கும் அதே வழிதான். சூளகிரி, பேரிகைப் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

குருமூர்த்தியும் தலையாட்ட, ஒப்பந்தம் இப்படி முடிவாயிற்று. தொழிலாளர் தரப்பில், பென் டிரைவ் கொண்டுவருவதில்லை. கண்ட லிங்க்கையும் கல்யாணப் பத்திரிகை என்று வருகிற பைலையும் திறப்பதில்லை. ஒருவர் பாஸ்வேர்டை இன்னொருவருக்குச் சொல்வதில்லை. கடைசி நிபந்தனைதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. அதுவரை ஷிப்டுக்கு ஒரே பாஸ்வேர்டு. அடுத்த ஷிப்ட்காரர் சிரமப்படக் கூடாதென்று அதை மெஷின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதி வைப்பது மரியாதையாக இருந்தது. கம்பெனித் தரப்பில், போன் அவரவரிடமே இருக்கும். கம்ப்யூட்டர்த் திரைகளை ஒரு சாப்ட்வேர் அவ்வப்போது படம் பிடித்து வைக்கும். ஆனால் அதைச் சாப்ட்வேர்தான் பார்க்கும், மனிதர் பார்க்க மாட்டார். பார்த்தே ஆக வேண்டும் என்றால் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்து, சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மூவரில் ஒருவர் ஆரோக்கியநாதன், ஒருவர் பர்சனல் ஆபீசர். மூன்றாவது ஆளைத் தொழிலாளர்கள் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள்: இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷன் மாதம்மாள்.

மாதம்மாள் பேரிகைக்காரி. வீட்டில் பேசுவது தெலுங்கு, படித்தது தமிழில், சந்தையில் கன்னடமும் கைகொடுக்கும். ஷிப்டுக்கு ஷிப்ட் கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவள். வந்த பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மறுபேச்சில்லாமல் சிவப்புக் கூடையில் போடுவாள். தேர்தலில் ஜெயித்த கையோடு எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்டாள்.

"சாவி யாருகிட்ட சார் இருக்கும்?"

"என்கிட்டதாம்மா."

"ஒருத்தருகிட்ட சாவி இருந்தா மூணு பேரு எதுக்கு?"

கேன்டீன் சிரித்தது. ஆரோக்கியநாதனும் சிரித்துவிட்டு, நான் சொன்னால் சொன்னதுதான் என்றார். அப்படியென்றால் சத்தியம் பண்ணுங்கள் என்றாள் அவள். அந்தப் பக்கத்தில் சத்தியம் என்றால் கற்பூரம். சார் வேதக்காரர், கற்பூரம் அடிக்க மாட்டார் என்று யாரோ ஞாபகப்படுத்தினார்கள். பைபிள் யாரிடமும் இல்லை. கடைசியில் எல்லோருமாகச் சர்வர் ரூமுக்குப் போனார்கள். ஆயுத பூஜையில் வைத்த சந்தனமும் குங்குமமும் சர்வர் மேல் காய்ந்து போயிருந்தன. அதன் தலையில் கையை வைத்து அவர், "மூணு பேரு இல்லாம பாக்க மாட்டன்" என்றார். எந்தக் கடவுள் முன்னால் சத்தியம் செய்தோம் என்பதில் அவருக்கு அன்றே கொஞ்சம் குழப்பம்தான். ஆனால் சத்தியம் செய்தோம் என்பதில் குழப்பம் இல்லை.

ஒப்பந்தம் பலித்தது, அதுதான் ஆச்சரியம். சாக்பீஸ் எழுத்துகள் அழிந்தன. சந்தேகமான செய்தி வந்தால் தாங்களே வந்து காட்டினார்கள். பாகங்கள் வாங்குகிற பெரிய கம்பெனியின் ஆடிட்டர் வந்து பார்த்து, இப்படி ஓர் ஒழுங்கைப் பெங்களூரிலேயே பார்த்ததில்லை என்றார். ஆரோக்கியநாதன் 'நம்ம ஜனங்க' என்று பேச ஆரம்பித்தார். தத்துவம் படித்தவர்களுக்கு இது ஆபத்தான கட்டம். ஜனங்கள் நம்முடையவர்கள் ஆகிவிட்டால் அவர்களுக்கு நல்லது எது என்பதும் நமக்கே தெரிந்துவிடுகிறது.

புதிய மாடல் வண்டிக்கு வரைந்த ஒரு பாகத்தின் டிராயிங், பாகலூர் ரோட்டில் ஒரு சின்னப் பட்டறை மேசையில் கிடந்ததைக் கம்பெனி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டார். குருமூர்த்தி ஆரோக்கியநாதனைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்‌ஷனிலிருந்துதான் போயிருக்க வேண்டும், சும்மா ஒரு பார்வை பாருங்கள் என்றார். மூன்று பேர் உட்கார வேண்டும் சார் என்றார் இவர். அந்த மூன்று பேரில் ஒருத்தி அதே செக்‌ஷன் ஆயிற்றே, திருடன் வீட்டிலேயே சாவியைக் கொடுத்துவிட்டுத் திருடனைத் தேடுவதா என்று கேட்டார் அவர். இவர் அசையவில்லை. குருமூர்த்தி கோபப்படாமல், அப்படியானால் சரி, பெங்களூரிலிருந்து ஓர் ஏஜென்சியை வரச் சொல்கிறேன், அவர்கள் மொத்தத்தையும் அலசட்டும் என்றார்.

ஆரோக்கியநாதன் தன் அறைக்கு வந்து யோசித்தார். வெளியாள் வந்தால் எல்லோருடையதையும் திறந்து கொட்டுவான். ஒப்பந்தம் அன்றோடு செத்தது. அதற்கு முன்னால் நாமே பார்த்து, நம்ம ஜனங்கள் மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டால் ஏஜென்சி வராது, ஒப்பந்தம் பிழைக்கும். ஒப்பந்தத்தைக் காப்பாற்ற ஒப்பந்தத்தை மீறுவது என்கிற இந்த யோசனை உலகத்தில் எத்தனையோ அரசாங்கங்களுக்கு வந்திருக்கிறது. மூக்கண்டப்பள்ளிக்கு மட்டும் வரக் கூடாது என்று சட்டமா?

சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். டிபன் பாக்ஸ் திறக்காமல் பக்கத்தில் இருந்தது. தொழிலாளர் பக்கத்துக் கம்ப்யூட்டர்களின் திரை ஒவ்வொன்றாக வந்து போயிற்று. டிராயிங் எங்கும் போகவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் கம்ப்யூட்டருக்கு வந்தார். ரிஜக்ட் படம் அனுப்புவதற்காக மாதம்மாள் தன் சொந்த வாட்ஸப்பையே அதில் திறந்து வைப்பது வழக்கம். படங்களுக்கு நடுவே மாலூர்க்காரர்கள் இருந்தார்கள்.

அவள் மகள் சரிதாவுக்கு மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரில் ஓர் இடம் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இடம் தட்டிப்போய்விட்டது என்பதும் கூடவே தெரிந்தது. ஜாதகம் பொருந்தவில்லை என்று மாப்பிள்ளையின் அம்மா அனுப்பியிருந்தாள். அதற்கு முன்னால் அவள் இன்னொரு செய்தியும் அனுப்பியிருந்தாள். வேறு யாருக்கோ போக வேண்டியது கை தவறி இங்கே வந்திருக்கிறது. உடனே அழித்தும் விட்டாள். மாதம்மாள் அந்த நேரம் பெஞ்சில் பாகம் அளந்துகொண்டிருந்தாள், பார்க்கவில்லை. சாப்ட்வேர் மட்டும் தன் கடமையைச் செய்து அந்தக் கணத்தைப் படம் பிடித்துவிட்டது. பெண் நன்றாகத்தான் இருக்கிறாள், ஆனால் அம்மாக்காரி கம்பெனியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவள், கண்ட நேரத்தில் பஸ்ஸில் வந்து இறங்குகிறவள், அந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம், ஜாதகத்தைச் சொல்லிவிடலாம் என்று அதில் இருந்தது.

தெலுங்கை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். ஆரோக்கியநாதனுக்குத் தெலுங்கு அரைகுறை. அதனால் மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்குக் கடமை என்று பெயர் வைக்கலாம். மூன்றாவது தடவைக்கு அவர் படித்த எந்தத் தத்துவத்திலும் இடமில்லை.

டிராயிங்கை வெளியே அனுப்பியது யார் என்று பிறகு தெரிந்தது. விலை விசாரிப்பதற்காக குருமூர்த்தியின் சொந்தப் பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டே பட்டறைக்கு ஈமெயில் போட்டிருந்தது. நல்லதாப் போச்சு என்று சொல்லி குருமூர்த்தி சிரித்தார். நம்ம ஜனங்க யாருமில்லை என்று ஆரோக்கியநாதன் முன்பே சொல்லியிருந்தார். எப்படித் தெரியும் என்று குருமூர்த்தி கேட்கவில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பது மேலதிகாரிகளின் நாகரிகம்.

அதோடு ஆரோக்கியநாதன் பேசாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் அவர் நல்லவர். மாதம்மாள் முகம் வாடியிருப்பது அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் படாதது, காரணம் தெரிந்ததும் பட ஆரம்பித்தது. டீ இடைவேளையில் கேன் பக்கத்தில் நாலைந்து பெண்களோடு அவள் நின்றிருந்தாள். அவர் தன் கிளாஸோடு அருகில் போய், குரலைத் தாழ்த்தி, உண்மையான பரிவோடு சொன்னார்.

"கவலப்படாதம்மா. மாலூர் போனாப் போவுது. சரிதாவுக்கு அதவிட நல்ல எடம் வரும்."

அந்தப் பக்கத்து வீடுகளில் வெற்றிலை மாற்றும்வரை எந்த ஊர், எந்த இடம் என்று வெளியில் மூச்சு விட மாட்டார்கள். தட்டிப்போன இடத்தின் பெயர் வெளியே வந்தால் பெண்ணிடம்தான் ஏதோ குறை என்று ஊர் முடிவு கட்டிவிடும். மாதம்மாள் தன் புருஷனுக்கே இன்னும் சொல்லவில்லை. சரிதா மாலூர்ப் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் டீயைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, ஒன்றும் கேட்காதவர்கள் போல் நின்று எல்லாவற்றையும் கேட்டார்கள்.

"உங்களுக்கு இத யாரு சார் சொன்னாங்க?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

"பஸ்ஸுல... பேரிகைக்காரங்க யாரோ பேசிக்கினு வந்தாங்க."

சொன்ன மாத்திரத்தில் அவருக்குக் காது சுட்டது. அவள் தலையாட்டிவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனாள்.

பேரிகையில் இடம் தட்டிப்போனது மாதம்மாளைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். நாராயணம்மா, மாதம்மாளின் பெரியம்மா மகள். சந்தையில் தக்காளியும் கொத்தமல்லியும் விற்பாள், கூடவே ஜாதகங்களையும் கைமாற்றுவாள். மாலூர் இடத்தைக் கொண்டுவந்தவளே அவள்தான். அடுத்த சந்தையில் மாதம்மாள் போய் அவள் கடை முன்னால் நின்றாள். அங்கே நடந்தது கேன்டீனில் ஆரோக்கியநாதன் காதில் விழுந்தபோது அவர் கையில் பாதி இட்லி இருந்தது.

"மாதம்மாக்கா போட்ட போட்டுல தக்காளிக் கூடையே கவுந்துச்சாம்" என்றாள் ஒருத்தி. வாயா அது, ஓட்டைப் பானை என்று சந்தையே கேட்கும்படி கேட்டாளாம். இனி என் வீட்டுப் படி ஏறாதே என்றாளாம். நாராயணம்மா பதிலுக்குத் திட்டவே இல்லையாம், நான் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்டு நின்ற இரண்டு வீட்டார் தங்கள் பெண்களின் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்களாம். பெண்கள் இதைச் சிரிப்பும் உச்சுக்கொட்டலுமாகச் சொன்னார்கள். யாரும் இவரைப் பார்க்கவில்லை, பார்க்கக் காரணமும் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. பாதி இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

சில நாள் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பக்கம் போவதைத் தவிர்த்தார். பிரின்டர் ரிப்பேர் என்று கூப்பிட்டபோது இன்னொரு ஆளை அனுப்பினார். திருட்டுப்போனால் போலீசுக்குப் போகலாம். போலீசே எடுத்திருந்தால் எங்கே போவது என்று தேர்வுத்தாளில் ஒரு கேள்விக்கு அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருந்தார். நல்ல மார்க்கும் வந்தது. அதில் ஒரு வரிகூட இப்போது உதவவில்லை. கடைசியில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரே வழியில் போனார். மூவர் கூட்டத்தைக் கூட்டினார்.

பென் டிரைவ் விவகாரம் என்று நினைத்துக்கொண்டு பர்சனல் ஆபீசர் வந்தார். ஆரோக்கியநாதன் சொல்லச் சொல்ல அவர் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். மாதம்மாள் கையிலிருந்த கிளவுஸைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அவர் முடித்ததும் முதலில் அவள் சொன்னது அவரைப் பற்றி இல்லை.

"அப்ப நாராயணம்மாக்கா சொல்லல."

"இல்லம்மா."

"எல்லாருதும் பாத்தீங்களா?"

"எல்லாருதும்."

"என்னுது?"

"படிச்சன்."

எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. அழித்த செய்தியைப் பற்றி அவரும் சொல்லவில்லை. அதைச் சொன்னால் மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் இன்னொரு தடவை குத்துவது போலாகும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டார். காரணங்கள் அவருக்கு எப்போதும் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தன.

பர்சனல் ஆபீசர் தொண்டையைச் செருமி, ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிப் போர்டில் ஒட்டிவிடலாம் என்றார். மாதம்மாள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இனி பாஸ்வேர்டில் பாதிதான் சாருக்கு, மீதிப் பாதியை நான் வந்து அடிப்பேன் என்றாள். ஆரோக்கியநாதன் ஒப்புக்கொண்டார். பிறகு அவள் இன்னொன்று சொன்னாள்.

"அக்காவ நான் சந்தையில வச்சித் திட்டனன். நீங்க இங்க ரூமுக்குள்ள சொன்னா அது எப்பிடி சார் சரியாவும்? சந்தையில வந்து சொல்லுங்க."

அடுத்த சந்தைக்கு அவர் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசைக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தக்காளி வாங்கப் போகிற மனிதரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள் கிருபாராணி. அவர் பஸ் ஏறினார்.

பேரிகைச் சந்தையில் நாராயணம்மாவின் கடை ஒரு சாக்கும் ஒரு குடையும். மாதம்மாள் முன்பே வந்து ஓரமாக நின்றிருந்தாள். அக்காவும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது. ஆரோக்கியநாதன் வழியில் தயாரித்து வைத்திருந்த பேச்சை ஆரம்பித்தார். அது மேடைத் தமிழில் இருந்தது. நாராயணம்மா கொஞ்சம் கேட்டுவிட்டு, தங்கையோடு பேச்சில்லை என்பதையும் மறந்து, இவர் என்ன சொல்கிறார் என்று அவளிடம் தெலுங்கில் கேட்டாள்.

"என் போன்ல வர்றத கம்பெனிக் கம்ப்யூட்டர் வழியா எட்டிப் பாத்துருக்காரு. பாத்துட்டு, பேரிகைக்காரங்க சொன்னாங்கன்னு பொய் சொல்லிட்டாரு. நீ சொல்லல. நான்தான் தப்பாப் பேசிட்டன்க்கா."

நாராயணம்மா எழுந்து நின்றாள். அதற்குப் பிறகு அவள் தெலுங்கில் பேசியதில் பாதிதான் ஆரோக்கியநாதனுக்குப் புரிந்தது; இந்தத் தடவை அரைகுறை அறிவு ஒரு சலுகையாக இருந்தது. படித்தவர், வயசானவர், வெள்ளைச் சட்டை என்கிற வார்த்தைகள் பிடிபட்டன. கூட்டம் சேர்ந்தது. அவர் தலையைக் குனியவில்லை. திட்டு வாங்கத்தான் வந்தோம் என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பக்கத்தில் பூண்டு விற்ற எல்லப்பன் என்கிற பெரியவர், விஷயத்தை முழுக்க வாங்கிக்கொண்டு, மெதுவாக முன்னால் வந்தார்.

"சார், அதுல யாரு போனு வேணும்னாலும் பாக்கலாமா? என் மருமவ எந்நேரமும் யாருகிட்டயோ பேசினு இருக்கறா. நம்பரு தர்றன்."

சிலர் சிரித்தார்கள். ஆனால் நாராயணம்மா சிரிக்கவில்லை. அவள் திட்டுவதை நிறுத்தியிருந்தாள். இவ்வளவு நேரம் தனக்குச் செய்த அநியாயமாக மட்டும் தெரிந்த ஒன்று, அவள் கண்ணில் வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது. இப்போது தமிழில் பேசினாள், அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக.

"சார், அந்த ஜாதகத்த நானே தளியில ஜோசியர்கிட்ட குடுத்துப் பாத்தன். பொருத்தமெல்லாம் சுத்தமா இருந்துச்சி. மாலூர்க்காரங்க சொன்னது பொய்யி. நெசமா எதுக்கு வேணாம்னாங்க, அதுல இருக்கும் இல்ல? பாத்துச் சொல்லுங்க. நடந்தத நான் மறந்துடறன்."

வேண்டாம் என்று மாதம்மாள் சொல்லுவாள் என்று ஆரோக்கியநாதன் எதிர்பார்த்தார். கேன்டீனில் எழுந்து நின்று சாவியைக் கேட்டவள், சத்தியம் வாங்கியவள், பாஸ்வேர்டைப் பாதியாக வெட்டியவள். அவள் சொல்லவில்லை. அவரைப் பார்த்தாள். பெண்ணைப் பெற்றவளின் பார்வை அது. அதில் ஒப்பந்தம் எதுவும் இல்லை.

மூவர் கூட வேண்டும் என்றால் பர்சனல் ஆபீசருக்கு ஒரு போன் போட்டால் போதும். அதுகூட வேண்டாம், மாலூர்க்காரர்கள் மறுத்த காரணம் அவர் தலைக்குள் எழுத்துப் பிசகாமல் இருந்தது, மூன்று தடவை படித்ததன் பலன். சொன்னால், மகளின் கல்யாணம் நின்றது தன் ஷிப்டால்தான் என்று அவள் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள்; அல்லது சீறி எழுந்து மாலூருக்குப் போவாள்; அல்லது வேலையை விடுவாள். இதில் எது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. சொல்லாமல் இருப்பது கருணையா என்றும் தெரியாது. அவருடைய போன தடவைக் கருணை இந்தச் சந்தை வரைக்கும் வந்து நிற்கிறது. தெரியாது என்று சொன்னால், பொய்க்கு மன்னிப்புக் கேட்ட வாயால் அடுத்த பொய். தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன் என்றால் அவள் அந்த இடத்திலேயே உடைந்துபோவாள்.

"பாக்க மாட்டன்மா" என்றார்.

பொய் என்று யாரும் காட்ட முடியாத பதில். இப்படி ஒரு பதிலைத் தேடிக் கண்டுபிடித்தோமே என்பது அவரைக் கூசவைத்தது.

நாராயணம்மாவுக்கு எரிச்சல். திருடும்போது பார்த்தாராம், நாம் கேட்டால் பார்க்க மாட்டாராம் என்று எல்லப்பனிடம் நியாயம் கேட்டாள். எல்லப்பனும் ஆமாம் என்றார். மாதம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை அவள் தக்காளிக்குத் திருப்பினாள். தான் என்ன கேட்க நின்றோம் என்பது அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும், கழுத்தோரம் சிவந்திருந்தது.

"வுடுக்கா. கேக்கறது தப்பு. அவரு சத்தியம் பண்ணவரு" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, டீ கேன் அருகில் கேட்ட அதே குரலில், "நான் கேட்டே பாக்காதவரு, இனிமே யாரு கேட்டாலும் பாக்க மாட்டீங்க. இது போதும் சார் எனக்கு" என்றாள்.

அத்தனை திட்டுக்கும் நிமிர்ந்து நின்றவருக்கு இதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாயெடுத்ததைப் பார்த்து அவள் ஆறுதலாக, போதும் என்பது போல் கையசைத்தாள். அக்காவின் பக்கத்தில் சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, சரிந்து கிடந்த தக்காளியை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நாராயணம்மா அவளைத் தடுக்கவில்லை.

"வெயிலு ஏறுது சார்" என்றாள் நாராயணம்மா. "யாவாரத்த மறைக்காதீங்க."

ஆரோக்கியநாதன் தள்ளி நின்றார். அவர் நிழல் விலகிய இடத்தில் ஒரு பெண் குனிந்து தக்காளி என்ன விலை என்று கேட்டாள். மாதம்மாள்தான் பதில் சொன்னாள்.